வியாழன், பி.ப. 12.40

புதன், 23 ஜூலை

புகைமூட்டம். செம்பனை வரிசையில் நாலாவது மரத்துக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை. தொண்டை கரகர.

ஞாயிறு தீமிதி. இன்னும் பாக்கி:
– விறகு அரை லோரி. காய்ந்தது. போன வருஷம் ஈர விறகு போட்டு, ஜனங்கள் அம்மனைப் பார்க்கவில்லை, புகையைத்தான் பார்த்தார்கள்.
– எல்லைக்கு எலுமிச்சை, நாலு மூலைக்கும்.
– பால்குழிக்குப் பால்.
– ஒலிபெருக்கி ஆளுக்கு மறுபடி போன். எடுக்கவே மாட்டேன் என்கிறான்.

காப்பு கட்டி ஐந்து நாள். இந்த வருஷம் ஐந்தே பேர் கையில்தான் மஞ்சள் கயிறு. காப்பு கட்டினவன் தீமிதி முடிந்து அதை அவிழ்க்கும் வரை தோட்டத்து எல்லையைத் தாண்டக்கூடாது. ரவாங் பேக்டரிக்கும் கோல சிலாங்கூர் கடைக்கும் தினமும் போய்வருகிறவனுக்கு எப்படிக் கட்டுவது? பூசாரி நான்தான், கட்டினவனும் நான்தான். வருஷா வருஷம் கை குறைகிறது.

எனக்கும் மணியத்துக்கும் அந்தக் கவலை இல்லை. நான் மில் எடைமேடையில். அவன் செம்பனைக் குலை லோரி ஓட்டுகிறான், காட்டிலிருந்து மில்லுக்கு, மில்லிலிருந்து காட்டுக்கு. எல்லாம் எல்லைக்குள்.

கரகம் இந்த முறையும் மணியம்தான். பதினோராவது வருஷம். வீட்டில் தேத்தண்ணி கிளாஸைக்கூடச் சிந்தாமல் தூக்கமாட்டான் என்று அவன் பெண்டாட்டி சரசு கேலி செய்வாள். கரகத்தைத் தலையில் வைத்தால் மட்டும் ஒரு சொட்டு விழாது.

வியாழன், 24 ஜூலை

புகை இன்னும் இறங்கியிருக்கிறது. மதியத்துக்குள் பதினான்கு லோரி. ஒன்றில் குலைக்கு நடுவே பாம்பு. எடை போட்ட பிறகுதான் பார்த்தோம், பாம்பையும் சேர்த்து எடை.

பி.ப. 12.40. மணியம் எடைமேடைக்கு வந்தான். நெஞ்சை அடைக்கிறதாம், இடது கை கனக்கிறதாம். விரதத்தில் ஒரு வேளைச் சாப்பாடு, வெறும் வயிறு, காத்துதான். திருநீறு பூசி மந்திரித்துவிட்டேன். இஞ்சி தட்டிக் குடிக்கச் சொன்னேன். போனான்.

விறகு வந்தது. பழைய ரப்பர் கட்டை, நன்றாகக் காய்ந்தது. மனதுக்கு நிம்மதி.

எழுதும்போது நேரத்தைக் குறித்து மணி போடுகிற இந்த வழக்கத்தை வீட்டில் கேலி செய்கிறார்கள். "தும்முனாகூட மணி போடுவாரு." எடைமேடையில் இருபத்திரண்டு வருஷம். வேறு மாதிரி எழுத வராது.

மாலைப் பூசையில் மணியம் கடைசி வரிசையில். தூணில் சாய்ந்துகொண்டு. முகமெல்லாம் வேர்வை. இந்தப் புழுக்கத்தில் எல்லாருக்கும்தான் வேர்க்கிறது.

வெள்ளி, 25 ஜூலை

இதை எழுதுவது ஆஸ்பத்திரி நடையில். பிளாஸ்டிக் நாற்காலி. எதிரே சரசு.

காலை 7.05. மணியத்தின் லோரி எடைமேடையில் ஏறி நின்றது. ஆள் இறங்கவில்லை. டிரைவர் உள்ளே இருந்தால் எடை எண் நிற்காமல் ஆடும். ஆடிக்கொண்டே இருந்தது. "இறங்குடா, பின்னால லைன் நிக்குது" என்று கத்தினேன். எட்டிப் பார்த்தால் ஸ்டியரிங் மேல் தலை.

மேனேஜர் பிக்கப்பில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். சரசு மடியில் தலை. உடம்பு ஐஸ், சட்டை தொப்பல். கண்ணைத் திறக்காமலே கேட்டான்:

"பாலம் வந்துருச்சாடா?"

தோட்டத்து எல்லை அந்தப் பாலம்தான். அப்போது அதன் மேல்தான் போய்க்கொண்டிருந்தோம்.

"இல்லடா. நீ கண்ண மூடு" என்றேன்.

கோல சிலாங்கூர் மாவட்ட ஆஸ்பத்திரி. நர்ஸ், ஒரு மலாய் மிஸ்ஸி, பிரஷர் பார்த்தாள். மறுபடி பார்த்தாள். அப்புறம் நாலு பேர் ஓடி வந்தார்கள். "பீலா மூலா சாக்கிட், பாச்சிக்?" வலி எப்போது ஆரம்பித்தது என்று என்னைக் கேட்டாள், நான்தான் முன்னால் நின்றேன். "பாகி தாடி. புக்குல் தூஜோ." இன்று காலை, ஏழு மணி.

வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. சரசு என்னைப் பார்த்தாள். மறுபடி அவன் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அங்கே ஊசியும் டிரிப்பும் ஏற்றிவிட்டு, பெரிய இருதய ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ். நான் பிக்கப்பில் பின்னால். டோலில் கார்டைத் தட்டக் கையை நீட்டினபோதுதான் என் மணிக்கட்டில் மஞ்சள் கயிற்றைப் பார்த்தேன். நானும் காப்புக்காரன். பாலத்தை நானும் தாண்டியிருக்கிறேன். நினைப்பே வரவில்லை.

இங்கே வந்ததும் வலது கையில் ஊசிக் குழாய் ஏற்ற வேண்டும் என்றார்கள். மிஸ்ஸி கத்தரிக்கோல் எடுத்தாள். சரசு, "இருங்க, பூசாரி இருக்காரு, அவுக்கட்டும்" என்றாள். நான் ஓர் அடி எடுத்து வைப்பதற்குள் வெட்டியாயிற்று. ஒரு நொடி வேலை. காப்பு, கைக்கடிகாரம், செருப்பு எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில்.

பி.ப. 1.20. டாக்டர் வெளியே வந்தாள். தமிழ்ப் பெண். மணியத்தின் மகள் கவிதா வயதுதான் இருக்கும். பெயர் நளினி. சொன்னதை மறக்காமல் இருக்க எழுதிக்கொள்கிறேன்.

"அடைப்ப எடுத்து ஸ்டென்ட் வச்சாச்சு. ஆனா இருதயம் இன்னும் சோர்ந்துதான் இருக்கு. உடம்புக்கு ரத்தம் போதல. மருந்த ஏத்திக்கிட்டே போகலாம். இல்லன்னா தொடை வழியா சின்ன பம்ப் ஒன்னு உள்ள விட்டு, இருதயத்தோட வேலைய அதுகிட்ட கொடுக்கலாம்."

"எதுங்க நல்லது?" சரசு.

"முன்னெல்லாம் எல்லா மருந்தும் தோத்த பிறகுதான் பம்ப் ஆண்ட்டி. அதுக்குள்ள கிட்னி, ஈரல் எல்லாம் படுத்துரும். இப்ப, பொருத்தமான ஆளா பாத்து, சீக்கிரமே போட்டுப் பாக்கிறோம். எல்லாருக்கும் போட மாட்டோம். ரத்தம் கசியலாம், காலுக்கு ரத்தம் போகாம போகலாம். அதனாலதான் கேக்கிறேன். வலி எப்ப ஆரம்பிச்சுது? கரெக்டா சொல்லணும்."

சேற்றில் சிக்கின லோரி. எண்ணெய் பெடலை மிதித்துக்கொண்டே இருப்பதா, டிராக்டர் கட்டி இழுப்பதா. அந்த மட்டுக்குப் புரிந்தது.

"காலையில ஏழு மணிங்க" என்றேன். இது ரெண்டாவது தடவை.

"அப்ப சீக்கிரம் வந்துட்டீங்க. சதை இன்னும் முழுசா சாகல, ஓய்வு கொடுத்தா முழிச்சுக்கலாம். நான் போடலாம்னு சொல்வேன்."

சரசு கையெழுத்துப் போட்டாள். சட்டைப் பையில் இந்தப் புத்தகம். அதில் நேற்றையப் பக்கம். 12.40.

சனி, 26 ஜூலை

பம்ப் ஓடுகிறது. கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தொடையிலிருந்து ஒரு குழாய், பேனாவை விட ஒல்லி. கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு பெட்டி, திரையில் பச்சைக் கோடு. வாயில் மூச்சுக் குழாய். மயக்க மருந்து. மூத்திரம் கொஞ்சம் இறங்குகிறதாம். நல்ல அறிகுறியாம். கவிதா ரவாங்கிலிருந்து வந்துவிட்டாள். அப்பாவின் விரலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், நகம் கொஞ்சம் சிவந்திருக்கிறது என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

கோயில் தலைவர் ராமையா போன்.

"பூசாரி இல்லாம எப்படிங்க தீமிதி, கணேசன்? சாயங்காலம் வந்துருங்க."

"நான் எல்லையத் தாண்டிட்டேன் தலைவரே. காப்போட."

"அட, அதுக்கென்ன லா. ஆபத்துக்குப் பாவமில்ல. பாலத்துலயே நிறுத்தி மஞ்சத்தண்ணி தெளிச்சு, எலுமிச்ச சுத்திப் போட்டா சரியாப்போச்சு."

சரசுவே சொன்னாள்: "போங்க அண்ணே. அவரும் அதத்தான் சொல்வாரு."

மாலை 6.10. பாலத்தில் நிறுத்தினார்கள். செம்பில் மஞ்சள் தண்ணீர், வேப்பிலை. தலையில் மூணு தடவை. எலுமிச்சையைச் சுற்றி வாய்க்காலில் போட்டார்கள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "வாங்க வாங்க, நேரமாச்சு."

இதே மஞ்சள் தண்ணீர் வியாழக்கிழமையும் பானையில் இருந்தது. பானை என் பொறுப்பில்தான் இருந்தது.

ஞாயிறு, 27 ஜூலை

வெயில். புகை விலகிவிட்டது. நல்ல கூட்டம்.

கரகம் ராமையா எடுத்தார். சிந்திக்கொண்டே வந்தார். குழி இறங்கினேன். வழக்கமாக எனக்குச் சூடு தெரியாது. இன்று தெரிந்தது. வலது குதிகாலில் கொப்புளம்.

சோற்றுப் பந்தியில் காதில் விழுந்தது:
"மணியம் விரதம் சுத்தமா இருந்திருக்க மாட்டான்."
"அதான் லா அம்மா காட்டிட்டா."
"குடிச்சிருப்பானோ?"

மணியம் சாராயத்தை விட்டு ஒன்பது வருஷம். பருப்பு வாளியோடு அந்த வரிசையில்தான் நின்றேன். பருப்பு ஊற்றினேன். நானெல்லாம் ஒரு மனுஷன்.

நாலு காப்பு அவிழ்த்தேன், என்னுடையதையும் சேர்த்து. ஐந்தாவது ஒரு பிளாஸ்டிக் பையில் இருக்கிறது.

திங்கள், 28 ஜூலை

மில்லுக்கு லீவு சொல்லிவிட்டு மறுபடி ஆஸ்பத்திரி. குதிகால் வலி, நொண்டி நடை.

இடது கால் சரியில்லை. பம்ப் போன தொடைக்குக் கீழே. பாதம் கத்தரிப்பூ நிறம். மிஸ்ஸி துணியைப் போட்டு மூடி வைத்திருக்கிறாள். கவிதா மூடியதைத் திறந்து பார்த்துவிட்டு வெளியே வந்து சுவரைப் பிடித்துக்கொண்டாள். கிட்னியும் மந்தம்.

டாக்டர் நளினி என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். "அங்கிள், ஒன்னு கேக்கணும். ரத்த ரிப்போர்ட்டும் ஸ்கேனும் நீங்க சொன்ன நேரத்தோட ஒத்துப்போகல. வலி அதுக்கு முன்னாடியே ஆரம்பிச்ச மாதிரி இருக்கு. நல்லா யோசிச்சுப் பாருங்க."

"இல்லம்மா. காலையிலதான்."

மூணாவது தடவை. வேதக்காரர்கள் கதையில் மூணு தடவை மறுத்தவனைப்போல, சேவல் கூவாத குறை. டாக்டர் என் முகத்தை ஏன் அவ்வளவு நேரம் பார்த்தாள் என்று தெரியவில்லை. தெரியும்.

எதற்குப் பயப்படுகிறேன்? போலீஸ் வராது. ஆஸ்பத்திரி என்னை ஒன்றும் செய்யாது. சரசு. அவள் ஒருத்திக்குத்தான். இத்தனை வருஷம் என் கையால் திருநீறு வாங்கின பெண்.

கேன்டீன் கழிப்பறைக்குப் போய், இந்தப் புத்தகத்தின் வியாழன் பக்கத்தைப் பாதி கிழித்தேன். நிறுத்தினேன். டேப் போட்டு ஒட்டியிருக்கிறேன்.

செவ்வாய், 29 ஜூலை

மழை. காலையிலிருந்தே.

மு.ப. 10.30. டாக்டர் எல்லாரையும் உட்கார வைத்துச் சொன்னாள். கால் தேறாது. இப்படியே விட்டால் அந்த விஷம் உடம்பெல்லாம் ஏறும். ரெண்டு வழி. பம்ப்பை எடுத்துவிட்டு என்ன நடக்கிறதோ பார்ப்பது. அல்லது முழங்காலுக்கு மேல் எடுத்துவிட்டு, பம்ப்பை வேறு பக்கம் மாற்றி, இருதயத்துக்கு இன்னும் சில நாள் கொடுப்பது.

"இருதயம் முழிக்கும்னா கால எடுத்துருங்க டாக்டர்" என்றாள் கவிதா. "கால் இல்லாம வாழ்ந்துக்கலாம்."

"முழிக்குமான்னுதான் கேள்வி. அடைப்பு ஆரம்பிச்சு சீக்கிரமே வந்துட்டாருன்னா, இன்னும் நம்பிக்கை வைக்கலாம்."

"சீக்கிரமே வந்துட்டமே. மாமா உடனே தூக்கிட்டு வந்தாங்க." கவிதா என்னைக் காட்டினாள்.

ரெண்டு மணிக்கு ஆபரேஷன் என்று ஏற்பாடு. சரசு பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு கையெழுத்துப் போடாமல் உட்கார்ந்திருந்தாள். பத்து வருஷம் கரகத்தோடு குழி இறங்கின கால்.

11.15. டாக்டரின் அறைக்குப் போனேன். புத்தகத்தைத் திறந்து மேசையில் வைத்தேன். டேப் ஒட்டின பக்கம். மெதுவாகப் படித்தாள். தமிழ் படிக்கத் தெரிந்த டாக்டர்.

"வியாழன்."

"ஆமாம்மா."

"கிட்டத்தட்ட முழு ஒரு நாள். அதுக்கப்புறம் அவரு லோரியும் ஓட்டியிருக்காரு."

"ஆமாம்மா."

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டவில்லை. ஃபைலை எடுத்துப் பழைய நேரத்தை ஒரு கோடு போட்டு அடித்து, புதிதாக எழுதினாள். அவளும் மணி போட்டாள்.

"மொதல்லயே சொல்லியிருந்தா பம்ப் போட்டிருக்க மாட்டீங்களா?"

"போட்டிருக்கலாம், போடாமலும் இருந்திருக்கலாம். வேற மாதிரி யோசிச்சிருப்போம். குடும்பத்துகிட்ட வேற மாதிரி பேசியிருப்போம். செத்த சதைய பம்ப் எழுப்பாது அங்கிள். தாங்கிப் பிடிக்கும், அவ்வளவுதான்."

"வியாழக்கிழமை மத்தியானமே கொண்டாந்திருந்தா?"

ஃபைலை மூடினாள். "பம்ப்பே தேவப்பட்டிருக்காது. ஒருவேளை."

ஆபரேஷன் இல்லை. சரசுவிடமும் கவிதாவிடமும் டாக்டரே போய்ச் சொன்னாள்: வலி முந்தின நாளே ஆரம்பித்திருக்கிறது, காலை எடுப்பதால் பயன் இருக்காது. யார் சொன்னார்கள் என்று சொல்லவில்லை. கவிதா, "எப்படி? எப்படி?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சரசு தலையை ஆட்டினாள். பேனாவை மூடி மேசையில் வைத்தாள்.

நான் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கார் நிறுத்துமிடத்தில் யாரோ விளக்கை அணைக்காமல் போயிருந்தார்கள்.

புதன், 30 ஜூலை

மு.ப. 9.50. பம்ப்பை நிறுத்தினார்கள். நிறுத்துவதற்கு முன்னால் திருநீறு பூசவிட்டார்கள். கைக்குக் கையுறை போட்டுக்கொண்டு பூசினேன். அதன் வழியாகவும் நெற்றி குளிர்ந்தது.

10.25. மணியம்.

வேறு எதுவும் எழுத வரவில்லை.

வியாழன், 31 ஜூலை

வெயில். இறுதிச் சடங்கு முடிந்தது. தோட்டத்தில் எல்லாரும் வந்திருந்தார்கள். மில்லில் அரை நாள் எடை நிறுத்தினார்கள். அவனுடைய லோரி இன்னும் வேலியோரம் நிற்கிறது. உள்ளே கண்ணாடியில் தொங்கும் வேல், ஒரு துண்டு, பாதி குடித்த தண்ணீர் போத்தல்.

சவ வண்டி பாலத்தின் மேல் போனது. நடந்து பின்னால் போனேன். யாரும் மஞ்சள் தண்ணீர் தெளிக்கவில்லை.

ராமையா: "நல்ல சாவுங்க பூசாரி. அம்மா கூப்பிட்டுக்கிட்டா."

"வாய மூடுங்க தலைவரே" என்றேன். பதினைந்து வருஷத்தில் அவரிடம் அப்படிப் பேசினது இதுதான் முதல் தடவை.

சனி, 2 ஆகஸ்ட்டு

மேகமூட்டம். பால் தெளித்தாயிற்று. உறவுக்காரர்கள் கெர்லிங்குக்குத் திரும்பிவிட்டார்கள். கவிதா உள்ளே தூங்குகிறாள். சரசு வீட்டு முன்வாசலில் நாங்கள் ரெண்டு பேர்தான். தேத்தண்ணி கொடுத்தாள்.

சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். வார்த்தைகளைக்கூட வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனேன். அவள் முந்திக்கொண்டாள்.

"அண்ணே, அன்னன்னிக்கு நடக்கிறத எழுதி வைப்பீங்கல்ல. அந்த வியாழக்கிழமை என்ன எழுதியிருக்கீங்க? படிங்க."

எடுத்தேன். டேப் ஒட்டின பக்கம். படித்தேன், எழுதியிருந்தபடியே. நெஞ்சை அடைக்கிறது. கை கனக்கிறது. வெறும் வயிறு. காத்து. திருநீறு. இஞ்சி. போனான்.

"அவ்வளவுதானா?"

டேப் ஒட்டின இடத்தை விரலால் தேய்த்தேன்.

"காலையில பதினோரு மணியில இருந்தே அவருக்கு ஒரு மாதிரி இருந்துச்சு. ஆஸ்பத்திரிக்குப் போலாம் வாங்கன்னேன். கையில காப்பு இருக்குடி, கணேசன் அவுத்துவிட்டா வரேன்னாரு. நாந்தான் அண்ணே உங்ககிட்ட அனுப்புனேன். திருநீறு வாங்க இல்ல."

உள்ளே கவிதா இருமினாள்.

"தெரிஞ்சிருந்தும், நான் ஆஸ்பத்திரியில ஏழு மணின்னு சொன்னப்ப ஏம்மா சும்மா இருந்த?"

"நீங்க பூசாரி. ஏதோ ஒரு காரணத்தோடதான் சொல்றீங்கன்னு நெனச்சேன். அப்புறம் நீங்களே வந்து சொல்வீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன்."

எழுந்து போய் ஆஸ்பத்திரிப் பையைக் கொண்டுவந்தாள். கைக்கடிகாரத்தை எடுத்து வைத்துக்கொண்டாள். வெட்டின காப்பைப் பையோடு என் பக்கம் நகர்த்தினாள். "தேத்தண்ணி ஆறிப்போச்சு, சூடு பண்ணித் தரவா" என்றாள். வேண்டாம் என்றேன்.

வீட்டுக்கு வந்து உட்கார்ந்திருக்கிறேன். பை மேசை மேல்.

வியாழன், 24 ஜூலை, பி.ப. 12.40. அன்றைக்கு எழுதாமல் விட்டது:

மணியம் வலது கையை என் மேசைமேல் நீட்டினான். "அவுத்து விடுறியாடா. கோல சிலாங்கூர் வரைக்கும் போய்ப் பாத்துட்டு வந்துடறேன். பயமா இருக்கு."

"பயமா? உனக்கா? மூணு நாள்தான்டா. நீ இல்லன்னா கரகத்த யாரு எடுக்கிறது? ஞாயித்துக்கிழம நானே அவுத்து விடறேன், போ."

சரிடா என்றான். சட்டைக் கையை இறக்கிக் காப்பை மூடிக்கொண்டு லோரிக்குப் போனான். பி.ப. 12.46.